கைத்துப்பாக்கி தோட்டாவுல எவ்ளோ பவர் ஏத்த முடியும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): சார், ஒரு வீடியோல ஒரு அமெரிக்கர் பெரிய ரிவால்வர்ல சுடுறாரு, சுட்டதும் துப்பாக்கி துள்ளி அவர் நெத்தியிலயே வந்து இடிக்குது. தோட்டாவோட பவரை இப்படி ஏத்திக்கிட்டே போனா எங்க போய் நிக்கும்? கைத்துப்பாக்கிக்குன்னு ஒரு உச்சவரம்பு இருக்கா?

பதில்: இருக்குங்க. ஒரு முட்டுக்கட்டை இல்ல, நாலஞ்சு இருக்கு, ஒண்ண தாண்டுனா அடுத்தது வந்து நிக்கும். அமெரிக்காவுல நூறு வருஷமா ஒவ்வொண்ணா தாண்டி வந்து கடைசில மனுஷனோட மணிக்கட்டுகிட்ட வந்து நின்னுட்டாங்க.

மொதல்ல ஒரு அளவ மனசுல வெச்சிக்குவோம். தோட்டாவோட சக்திய ஜூல் கணக்குல சொல்லுவாங்க, பேர்ல வர்ற .22, .44 மாதிரி நம்பர் ஏறக்குறைய குண்டோட தடிமன், இன்ச் கணக்குல. என்.சி.சி-ல இருந்தவங்க .22 ரைபிள் சுட்டிருப்பீங்க, தோள்ல லேசா தட்டுன மாதிரி கூட இருக்காது, அது ஏறக்குறைய 140 ஜூல். உலகம் முழுக்க போலீஸ் இடுப்புல இருக்கற 9 எம்.எம் பிஸ்டல் 500 ஜூல் பக்கம். .357 மேக்னம் 700 சொச்சம், .44 மேக்னம் 1,300, .454 கசூல் 2,500, .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேக்னம் வழக்கமான லோடுலயே, அதாவது வழக்கமா நெரப்புற அளவுலயே, 3,400 பக்கம், காரமான லோடுல 4,000த்த தொட்டுடும். இந்த கடைசி நம்பர் எவ்ளோ பெருசுன்னா, நம்ம ஆயுதப்படை போலீஸ்காரங்க ரொம்ப காலம் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னாங்களே எஸ்.எல்.ஆர் ரைபிள், ஒரு மீட்டருக்கு மேல நீளம், நாலு கிலோவுக்கு மேல எடை, அதுல போடுற தோட்டாவே 3,300 ஜூல் சொச்சம்தான். அந்த ரைபிளோட சக்திய ரெண்டே கிலோ ரிவால்வர்ல அடக்கி ரெண்டு கையால புடிச்சி சுடுறாங்க, தோள்ல சாச்சிக்க கட்டை கூட கிடையாது. அந்த வீடியோல நெத்தி ஏன் அடி வாங்குச்சின்னு இப்ப புரியும்.

இது நேத்து தொடங்குன ஆசை இல்ல. 1847-ல சாமுவேல் கோல்ட் கம்பெனி டெக்சாஸ் ரேஞ்சர் ஆளான சாமுவேல் வாக்கர் யோசனையில ஒரு ரிவால்வர் செஞ்சாங்க, வாக்கர் கோல்ட்னு பேரு, மொத்தம் 1,100 துப்பாக்கிதான் வந்துச்சு, ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ. இடுப்புல சொருக முடியாது, குதிரை சேணத்துல தொங்கப் போட்டுக்கிட்டு போனாங்க. சுத்துற சிலிண்டர்ல இருக்கற ஒவ்வொரு அறையிலயும் கறுப்பு வெடிமருந்து ஏறக்குறைய நாலு கிராம் கொட்டலாம், அந்த காலத்து இரும்பு அத தாங்கல, பல துப்பாக்கில சிலிண்டரே வெடிச்சிப் போச்சு. பாருங்க, 1847-லயே ரெண்டு கிலோவுல வந்து நின்னிருக்காங்க, இன்னிக்கி .500 மேக்னம் ரிவால்வரும் அதே ரெண்டு கிலோதான். எனக்கு இந்த ஒத்துமை எப்பவுமே ஆச்சரியம், 150 வருஷத்துல இரும்பு எங்கயோ போயிடுச்சு, கை அதே கைதான்.

அந்த இரும்பு கதைய கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுலதான் உண்மையான கைவேலை இருக்கு. மருந்து எரியும்போது பித்தளை கூட்டுக்குள்ள உண்டாகுற அழுத்தத்த பி.எஸ்.ஐ-ல சொல்லுவாங்க, நம்ம பெட்ரோல் பங்குல கார் டயருக்கு காத்து புடிக்கும்போது 32 வைங்கன்னு சொல்றோமே அதே அளவுதான். 1873-ல வந்த .45 கோல்ட் தோட்டாவுக்கு இன்னிக்கும் வரையறை 14,000. .357 மேக்னத்துக்கு 35,000, .44 மேக்னத்துக்கு 36,000, .454 கசூலுக்கு 65,000. இவ்ளோ அழுத்தத்த தாங்குறது சிலிண்டர்ல ஒவ்வொரு அறைக்கும் வெளில இருக்கற மெல்லிசான சுவர்தான், பல ரிவால்வர்ல அது நாலு மில்லிமீட்டர் கூட இருக்காது.

எல்மர் கீத்னு ஒருத்தர், அமெரிக்காவுல ஐடஹோ பக்கம் மாடு மேச்ச ஆளு, தொப்பியும் சுருட்டுமா இருப்பாரு, துப்பாக்கி பத்தி பத்திரிகைல எழுதி பேர் வாங்குனவரு. 1920கள்ல .45 கோல்ட் ரிவால்வர்ல கூடுதல் மருந்து போட்டு சுட்டுப் பாத்து, துப்பாக்கி அவர் கையிலேயே வெடிச்சிடுச்சு. அப்புறம் அவரு செஞ்ச காரியம்தான் முக்கியம், குண்ட பெருசாக்காம சின்னதாக்குனாரு. அதே சைஸ் சிலிண்டர்ல .44 துளை போட்டா சுவர் கொஞ்சம் தடிமனா நிக்கும்ல, அந்த ஒரு மயிரிழை தடிமன நம்பி .44 ஸ்பெஷல் தோட்டாவுல வருஷக்கணக்கா மருந்த ஏத்தி ஏத்தி சுட்டு, கம்பெனிக்காரங்கள விடாம நச்சரிச்சி, கடைசில 1955 முடியுற நேரத்துல ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேந்து .44 மேக்னம் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி 1935-ல .357 மேக்னம் வந்ததுலயும் அவரு கை உண்டு. மேக்னம்ங்கறது ஒயின் வியாபாரத்துல பெரிய பாட்டிலுக்கு வெச்ச பேரு, பிரிட்டிஷ் ரைபிள்காரங்க அத எடுத்து பவர் கூடுன தோட்டாவுக்கு வெச்சாங்க.

அடுத்து டிக் கசூல், யூட்டா மாநிலத்து துப்பாக்கி மெக்கானிக். அவரு பாத்தாரு, ஆறு அறைன்னு ஏன் புடிவாதம், அஞ்சா கொறைச்சா நடுவுல இரும்பு மிச்சமாகுதேன்னு. இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. சிலிண்டர் சுத்தி சரியான எடத்துல நிக்கறதுக்கு வெளிப்பக்கம் சின்ன சின்னதா பள்ளம் வெட்டியிருப்பாங்க, ஆறு அறை இருந்தா அந்த பள்ளம் அறைக்கு நேர் மேலயே, சுவர் ரொம்ப மெல்லிசா இருக்கற எடத்துலயே வந்து விழும், அஞ்சு அறைன்னா ரெண்டு அறைக்கும் நடுவுல கெட்டியான இரும்புல விழும். சும்மா ஒரு தோட்டாவ விட்டுக் கொடுத்ததுல பலம் எங்கயோ போயிடுச்சு. 1950கள்ல அவரு ஆரம்பிச்ச வேலை 1983-ல வயோமிங்ல ஃப்ரீடம் ஆர்ம்ஸ் கம்பெனி அஞ்சு அறை ரிவால்வரா கடைக்கு கொண்டு வந்தப்பதான் முழுசா முடிஞ்சிது. இன்னிக்கி ரொம்ப பெரிய மேக்னம் பெரும்பாலும் அஞ்சு அறைதான்.

சரி, இரும்ப இன்னும் கெட்டியாக்கி 65,000த்த 80,000 ஆக்கலாமேன்னு கேப்பீங்க. அங்க பித்தளை குறுக்க நிக்குது. தோட்டாவோட கூடு பித்தளை, அழுத்தம் ரொம்ப ஏறினா அது விரிஞ்சி அறையோட சுவர்ல ஒட்டிக்கும், ஆட்டோ ஸ்டாண்டுல துரு புடிச்ச நட்டு மாதிரி, தட்டி எடுக்க வேண்டியதாயிடும். பித்தளை கூடு போட்ட பெரிய ரைபிள் தோட்டாக்களுக்கே 65,000 பக்கத்துலதான் வரையறை போட்டிருக்காங்க. அழுத்தத்துல இதுக்கு மேல போக வழி இல்லன்னா பாக்கி என்ன, தோட்டாவ தடிமனாக்கணும் இல்ல நீளமாக்கணும்.

தடிமனுக்கு சட்டம் குறுக்க நிக்குது. அமெரிக்காவுல 1968 சட்டப்படி துளை அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டருக்கு மேல போனா பீரங்கி, வெடிகுண்டோட சேத்து அழிவு ஆயுதம்னு கணக்கு வெச்சிடுவாங்க, வேட்டைக்குன்னு தனியா விலக்கு வாங்குனாதான் தப்பிக்கலாம். .50 ஆக்‌ஷன் எக்ஸ்பிரஸ்னு 1988-ல வந்த பிஸ்டல் தோட்டாவுக்கு மொதல்ல .510 இன்ச் குண்டுதான் வெச்சிருந்தாங்க, இந்த சட்டத்துக்காகவே .500-க்கு இறக்குனாங்க. நீளத்துக்கு எல்லை சிலிண்டர். நீளமான தோட்டான்னா நீளமான சிலிண்டர், அதுக்கு நீளமான பிரேம், அதாவது துப்பாக்கியோட உடம்பு, அப்புறம் எடை. 2003-ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .500 மேக்னம் விட்டப்ப பழைய பிரேம் எதுவும் பத்தாம எக்ஸ் பிரேம்னு புதுசாவே ஒண்ணு செஞ்சாங்க.

கடைசியா கை. குண்டு முன்னால எவ்ளோ உந்தத்தோட போகுதோ அதே உந்தத்தோட துப்பாக்கி பின்னால வரும், இது நியூட்டன் விதி, தப்பிக்க முடியாது. குண்டு மட்டும் இல்ல, பின்னாடியே பீய்ச்சிக்கிட்டு வர்ற புகையும் ராக்கெட் மாதிரி சேந்து தள்ளும். கணக்கு போட்டு பாத்தா 9 எம்.எம் பிஸ்டல் உங்க உள்ளங்கைல கொடுக்கறது 6 ஜூல் சொச்சம், .44 மேக்னம் 25 பக்கம், .500 மேக்னம் 65 பக்கம். 65 ஜூல்னா என்னன்னு தெரியணும்னா ஒரு ரெண்டு கிலோ இரும்ப மாடியில மூணு மீட்டருக்கு மேல இருந்து போட்டு, கீழ நின்னு வெறும் கையால புடிங்க. அதுவும் நேரா பின்னால வராது, பேரல் உங்க மணிக்கட்டுக்கு மேல இருக்கறதால மூக்க தூக்கிக்கிட்டு சுத்திக்கிட்டு வரும்.

இத நான் கிட்ட நின்னு பாத்திருக்கேன். டெக்சாஸ்ல இருக்கற எங்க அக்கா பையன பாக்க போனப்ப துப்பாக்கி சுட்டுப் பழகுற ஒரு ரேஞ்சுக்கு கூட்டிட்டு போனான். நான் விசிட்டர் விசால போனவன், அந்த ஊர் சட்டப்படி துப்பாக்கிய கையில வாங்கக் கூடாது, அதனால சுடுறவங்க நிக்கற கோட்டுக்கு பின்னாடி கண்ணாடி போட்டுக்கிட்டு நின்னேன். "மாமா, காதுக்குள்ள பஞ்சு மாதிரி அத வெச்சி அதுக்கு மேல அந்த மூடியயும் போடுங்க, ஒண்ணு பத்தாது"ன்னான். அவன் மொத தடவை .500 வாடகைக்கு எடுத்தான், அங்க இருந்த பெரியவர் அஞ்சு அறை இருந்தும் ஒரே ஒரு தோட்டாவ போட்டு கொடுத்தாரு. சுட்டான். சத்தம் காதுல விழறதுக்கு முன்னாடி நெஞ்சுல யாரோ உள்ளங்கைய வெச்சி தள்ளுன மாதிரி இருந்துச்சு, பேரல் முனையில ஒரு பூசணிக்கா அளவு ஆரஞ்சு நெருப்பு, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடுக்கு வழியா ரெண்டு பக்கமும் பட்டையா இன்னும் கொஞ்சம் நெருப்பு, துப்பாக்கி கூரைய பாத்துக்கிட்டு நிக்குது. அவன் கைய உதறிக்கிட்டே திரும்புனான், பெருவிரல் அடிப்பக்கம் செவந்திருந்துச்சு. காலி கூட்ட எனக்கு கொடுத்தான், இன்னும் சூடு ஆறல, என் சுண்டுவிரல் நுனி கிட்டத்தட்ட அதுக்குள்ள போச்சு.

ஏன் ஒரே தோட்டான்னு அந்த பெரியவர்கிட்ட கேட்டேன். அவரு சொன்னது எல்லாரும் தெரிஞ்சிக்க வேண்டிய விஷயம். உதை தாங்காம துப்பாக்கி மேல எழும்பும்போது புதுசா சுடுறவங்க பதறிப்போய் இறுக்கி புடிப்பாங்க, அப்ப விரல் தானா ட்ரிகர திரும்ப இழுத்துடும், ரெண்டாவது குண்டு வெடிக்கற நேரத்துல பேரல் எங்க பாத்துக்கிட்டு இருக்கும்னு யோசிங்க. அப்படி நடந்திருக்கு, உயிரும் போயிருக்கு. உங்க பசங்க யாராச்சும் வெளிநாட்டுல ரேஞ்சுக்கு போறாங்கன்னா இத கண்டிப்பா சொல்லி அனுப்புங்க, மொதல்ல ஒரே தோட்டா, இடது கை பெருவிரல் சிலிண்டர் இடுக்கு பக்கம் போகவே கூடாது, அந்த இடுக்குல வர்ற புகை சதைய அறுத்துடும்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): எடைதான் தொந்தரவுன்னா டைட்டானியம் மாதிரி லேசான உலோகத்துல செஞ்சா என்ன?

பதில்: செஞ்சிருக்காங்க. .44 மேக்னத்துக்கு ஸ்கேண்டியம் கலந்த அலுமினியம் பிரேம்ல 700 கிராம் சொச்சத்துல ரிவால்வர் வருது. மலை ஏறுறவங்க கரடி பயத்துக்கு வாங்குவாங்க, நாள் முழுக்க தூக்கிட்டு நடக்க சுகமாத்தான் இருக்கும், சுடும்போதுதான் தெரியும். எடை பாதியானா உதை ரெட்டிப்பாகும், உந்தம் அதேதானே. இதுல இன்னொரு கஷ்டமும் இருக்கு, நேர்ல பாத்தாதான் நம்புவீங்க. துப்பாக்கி வெடுக்குன்னு பின்னால போகும்போது பக்கத்து அறையில இன்னும் வெடிக்காத தோட்டாக்களோட கூடும் கூடவே பின்னால போகும், ஆனா கனமான ஈயக்குண்டு இருந்த எடத்துலயே இருக்க பாக்கும். பஸ் திடீர்னு கெளம்புனா நின்னுக்கிட்டு இருக்கறவங்க பின்னால சாயறாங்களே அதே கதை. மூணு நாலு தடவை சுட்டதும் கடைசி தோட்டாவோட குண்டு கூட்ட விட்டு கொஞ்சம் கொஞ்சமா வெளில எட்டிப் பாத்து, சிலிண்டர் முன்னாடி நீட்டிக்கிட்டு, பிரேம்ல தட்டி, சுத்தாம நின்னுடும். கரடி முன்னாடி நிக்கும்போது துப்பாக்கி பூட்டிக்கிச்சின்னா என்ன பண்றது. அதனாலதான் பெரிய மேக்னம் தோட்டாவுல கூட்டோட வாய நல்லா அழுத்தி குண்ட சுத்தி வெட்டுன பள்ளத்துல மடிச்சி விடுறாங்க.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): அப்ப உலகத்துலயே பெரிய ரிவால்வர் எது?

பதில்: ரொம்ப பெரிய ரிவால்வர்கள்ல ஒண்ணு ஆஸ்திரியாவுல செஞ்ச பைஃபர் ஸெலிஸ்கா. யானை வேட்டை ரைபிளுக்குன்னு செஞ்ச .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவ போட்டு சுடலாம், அஞ்சு அறை, நீளம் அரை மீட்டருக்கு மேல, எடை 6 கிலோ. ஆறு கிலோ அரிசிப் பைய கைய நீட்டி ஒரு நிமிஷம் புடிச்சி பாருங்க. என்னப் பொறுத்தவரைக்கும் கைத்துப்பாக்கின்னா இடுப்புலயோ தோள்பட்டைலயோ மாட்டிக்கிட்டு மறந்துட்டு வேலைய பாக்கற மாதிரி இருக்கணும், அந்த கணக்குல இது சேராது. அருமையான கைவேலை, அதுல சந்தேகமே இல்ல.

கேள்வி (சேலம் வாசகர்): எல்லாம் ரிவால்வராவே சொல்றீங்க, பிஸ்டல்ல ஏன் இவ்ளோ பவர் வரல?

பதில்: பிஸ்டல்ல தோட்டா புடிக்குள்ள நிக்குது, அதான் காரணம். புடி உங்க உள்ளங்கைல அடங்கணும், தோட்டா நீளமானா புடி முன்னும் பின்னும் பெருக்கும். 9 எம்.எம் தோட்டா முழு நீளம் 3 சென்டிமீட்டர்தான், .44 மேக்னம் 4 சென்டிமீட்டர தாண்டுது, .500 ரிவால்வர் தோட்டா 5 சென்டிமீட்டருக்கும் மேல. .44 மேக்னத்தயும் .50 ஆக்‌ஷன் எக்ஸ்பிரஸ்ஸயும் சுடுற டெசர்ட் ஈகிள் பிஸ்டல கையில வாங்குனவங்கள கேளுங்க, செங்கல்ல புடிச்ச மாதிரின்னு சொல்லுவாங்க, பல பேருக்கு விரல் ட்ரிகருக்கே ஒழுங்கா எட்டாது. அவ்ளோ அழுத்தத்துக்கு வழக்கமான பிஸ்டல் பூட்டு தாங்காதுன்னு அதுல ரைபிள் மாதிரி புகையால தள்ளி சுத்தித் திறக்குற போல்ட் வெச்சிருக்காங்க, எடை அதுவும் ரெண்டு கிலோ பக்கம் போயிடுச்சு.

கேள்வி (காரைக்குடி வாசகி): சினிமாவுல சுட்டதும் வில்லன் பத்தடி பறந்து போய் கண்ணாடிய ஒடச்சிக்கிட்டு விழறாரே, .500 மேக்னத்துலயாச்சும் அப்படி நடக்குமா?

பதில்: நடக்காதுங்க. குண்டுக்கு இருக்கற உந்தம் சுட்டவர் கையில வந்த உந்தத்துக்கு மேல இருக்க முடியாது, குண்டு பட்டவரு பறந்தா சுட்டவரும் எதிர்ப்பக்கம் பறக்கணும். .500 குண்டு முழுசா உடம்புலயே நின்னாலும் 70 கிலோ ஆள நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்துலதான் நகத்தும், அது நடக்கறத விட மெதுவு.

கேள்வி (திருச்சி வாசகர்): பவர் ஜாஸ்தின்னா பாதுகாப்பு ஜாஸ்திதான, போலீஸ் எல்லாம் ஏன் சின்ன 9 எம்.எம் வெச்சிருக்காங்க?

பதில்: இதுக்கு எஃப்.பி.ஐ அனுபவத்த சொன்னா போதும். 1986 ஏப்ரல் 11, மயாமில ரெண்டு பேங்க் கொள்ளையர்கள எட்டு ஏஜென்ட்டுங்க மடக்குனாங்க, நிமிஷக்கணக்குல நடந்த சண்டையில ரெண்டு ஏஜென்ட் செத்துப்போய் அஞ்சு பேருக்கு காயம். ஆரம்பத்துலயே ஒரு கொள்ளையன் மேல பட்ட 9 எம்.எம் குண்டு கைய துளைச்சி நெஞ்சுக்குள்ள போய் இதயத்துக்கு கொஞ்சம் முன்னாடி நின்னுடுச்சு, அவன் அதுக்கப்புறமும் சுட்டுக்கிட்டே இருந்தான். தோட்டா பத்தலன்னு முடிவு பண்ணி, உடம்பு சதைக்கு பதிலா வெச்ச ஜெலட்டின் கட்டியில குண்டு கொறஞ்சது 12 இன்ச், அதாவது 30 சென்டிமீட்டர் உள்ள போகணும்னு அளவுகோல் வெச்சி, 10 எம்.எம் ஆட்டோங்கற தோட்டாவுக்கு மாறுனாங்க, முழு லோடுல ஏறக்குறைய 870 ஜூல். வந்ததும் புரிஞ்சிது, துப்பாக்கி பெருசு, உதை ஜாஸ்தி, எல்லா ஏஜென்ட்டாலயும் ஒழுங்கா சுட முடியல. மருந்த கொறைச்சாங்க. மருந்த கொறைச்சப்புறம் அவ்ளோ நீளக் கூடு எதுக்குன்னு அத வெட்டி 1990-ல .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வந்துச்சு, அமெரிக்க போலீஸ்ல நிறைய பேர் அதுக்கு மாறுனாங்க. அதுக்குள்ள குண்டு செய்யற தொழில் முன்னேறி 9 எம்.எம் குண்டே அந்த 30 சென்டிமீட்டர் சோதனைய நல்லா பாஸ் பண்ண ஆரம்பிச்சிது, உதை கம்மி, கூடுதல் தோட்டா, எய்ம் தப்பறது கம்மின்னு 2015 வாக்குல எஃப்.பி.ஐ திரும்ப 9 எம்.எம்-க்கே வந்துட்டாங்க. முப்பது வருஷம் சுத்தி வந்த பாதை இது, ரெண்டு பேர் உயிர கொடுத்து கத்துக்கிட்டது, அதனால பவர் போதும் போதாதுன்னு யாராச்சும் டீக்கடை பெஞ்சுல அடிச்சி பேசுனா எனக்கு மனசுக்கு கஷ்டமாவே இருக்கும்.

கேள்வி (அதே திருச்சி வாசகர்): சரி, மனுஷனுக்கு இது போதும், நெஜமாவே பெரிய மிருகம் வந்தா?

பதில்: கிரீன்லாந்துல டென்மார்க் ராணுவத்தோட சிரியஸ் ரோந்துப்படைன்னு ஒண்ணு இருக்கு, நாய் வண்டில பனிக்கு நடுவுல மாசக்கணக்கா ரெண்டு ரெண்டு பேரா சுத்துவாங்க. பனிக்கரடி அங்க சாதாரணம், ஆண் கரடி 400, 500 கிலோ இருக்கும். அவங்க மொத நம்பிக்கை பழைய போல்ட் ரைபிள்தான். ரைபிள் கைக்கு எட்டாத நேரத்துக்கு, கூடாரத்துக்குள்ள படுத்திருக்கும்போது கரடி வந்துட்டா, பக்கத்துல ஒரு பிஸ்டல் வேணும். 9 எம்.எம் பத்தலன்னு அனுபவத்துல தெரிஞ்சி மாத்துனாங்க, ஆனா .500 மேக்னத்துக்கு போகல, எஃப்.பி.ஐ கைவிட்ட அதே 10 எம்.எம் ஆட்டோவ சுடுற க்ளாக் 20 எடுத்தாங்க. தோட்டா நெரப்புனா ஒரு கிலோவ கொஞ்சம் தாண்டும், 15 தோட்டா புடிக்கும், கை மரத்துப்போன குளிர்லயும் ரெண்டாவது மூணாவது குண்ட சேத்து சுடலாம்.